பழைய ஐஸ் ஃபாக்டரியிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர்

...நாலு மார்க் போட்டிருந்தாள், அஞ்சுக்கு நாலு, அதுவும் காலையில், காப்பி ஆறுவதற்குள், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், ஏனென்றால் குறிப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது, 'இடங்களின் விவரங்களைத் தரும்', இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது, அப்படியிருக்க இந்த ஏஐ ஏன் லாரியை வேறு மாகாணத்து அலாஹுவேலாவுக்கு அனுப்புகிறது? ஸினியா திரையை மறுபடி பார்த்தாள். ஒத்திகைதான், நிஜ லாரி எதுவும் கிளம்பவில்லை, ஆனாலும் ஒத்திகைக்கென்று அவள் தட்டிய முகவரி அப்பாவுடையது, வேறு முகவரி சட்டென்று கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி, திங்கட்கிழமை முதல் நோயாளிகளின் போனை ஏஐதான் எடுக்கும், முகவரி கேட்கும், லாரியை அனுப்பும், அதற்காக அதன் கையில் நாற்பது கருவிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு, எதை எப்போது எடுப்பது என்பதை அந்த இரண்டு வரியைப் படித்துத்தான் அது முடிவு செய்யும், அந்த வரிகளுக்கு மார்க் போடுவதுதான் ஸினியாவின் வேலை. அவள் நாலு போட்டால் கருவி அப்படியே பயன்பாட்டுக்குப் போய்விடும். அப்பா வாங்குவதும் அதே கம்பெனியின் சிலிண்டர்தான்.

சரி, பதறாதே, அது எப்படி யோசித்தது என்று பார்... 'பழைய ஐஸ் ஃபாக்டரியிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், கிழக்கே ஐம்பது, பச்சை கேட்', அப்பாவின் ஊரான மொராவியாவில் லாரி ஓட்டுகிற எவனும் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவான், ஃபாக்டரியை இடித்தபோது ஸினியாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது, இன்று அங்கே கார்கள் நிற்கின்றன, அதனால் என்ன, ஃபாக்டரி ஃபாக்டரிதான். ஏஐயோ 'இடம் தேடு' என்ற கருவியை எடுத்திருக்கிறது, அது நாட்டிலேயே பழைய, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஐஸ் ஃபாக்டரியை அலாஹுவேலாவில் கண்டுபிடித்திருக்கிறது, அங்கிருந்து தெற்கே இருநூறு, கிழக்கே ஐம்பது, லாரி நேராக ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போய் நிற்கிறது, 'உங்கள் சிலிண்டர் வந்துவிட்டது' என்று எவ்வளவு பணிவாகச் செய்தி வேறு. சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 'குறிப்பிடம்' என்று இன்னொரு கருவி சும்மா கிடக்கிறதே, ஏன் அதைத் தொடவில்லை? எதிர் மேசையில் க்ரெய்வின், நாற்பது குறிப்பையும் எழுதிய மகானுபாவன், வாழைக்காய் வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தான். "டேய், 'குறிப்பிடம்' எதுக்குடா?" என்றாள். "அதான் எழுதியிருக்கேன்ல, இடங்களோட விவரம்." "'இடம் தேடு'வுக்கும் அதையேதான எழுதி வச்சிருக்க?" "அது இப்ப இருக்கிற இடம், இது இல்லாமப் போன இடம். வெட்டின மரம், எரிஞ்ச பேக்கரி, இடிச்ச ஃபாக்டரி... இது யாருக்குடி தெரியாது? பாதி ஊருக்கு இல்லாத மரத்துலேருந்துதான வழி சொல்றோம்!" "அதுக்குத் தெரியாதே." "அதுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லித்தான வித்தாங்க" என்று வறுவல் பையை அவள் பக்கம் நீட்டினான். அவன் மேல் கோபம் வரவில்லை, எப்படி வரும், மார்க் போட்டவள் இவள்.

தெரியாத ஒருத்தியாகப் படிக்க முடியுமா? இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்காதவளாக, மொராவியாவை மிதிக்காதவளாக... கண்ணை மூடித் திறந்து 'குறிப்பிடம்' கருவியின் அந்த இரண்டு வரியைப் படித்தாள், அடேயப்பா, எவ்வளவு காலி. காலையில் படித்தபோது வெட்டின மரமும் எரிந்த பேக்கரியும் அதற்குள் இருந்தனவே, யார் வைத்தது, இவளேதான் வைத்துப் படித்திருக்கிறாள், தானே நிரப்பிவிட்டுத் தானே நாலு போட்டிருக்கிறாள். திருத்தி எழுதினாள்: 'இப்போது இல்லாத, ஆனால் மக்கள் இன்னும் வழி சொல்லப் பயன்படுத்தும் இடங்கள். முகவரியில் பழைய என்று வந்தால் முதலில் இதைப் பார்.' மறுபடி ஓட்டினாள், லாரி மொராவியாவுக்குத் திரும்பியது, கார்கள் நிற்கிற இடம், தெற்கே, கிழக்கே, பச்சை கேட், கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அப்புறம் மீதி முப்பத்தொன்பது ஞாபகம் வந்தது. முப்பத்தொன்பதுக்கும் நாலு, அஞ்சு, நாலு... எதையெல்லாம் நிரப்பித் தொலைத்தாளோ.

வெளியே தினமும் வரும் ரெண்டு மணி மழை தகரக் கூரையில் இறங்கியது. கேட் இன்னும் பச்சைதானா என்று கேட்டுவிடலாம் என்று அப்பாவுக்குப் போன் போட்டாள், பச்சைதான், வேறென்ன நிறம் அடிக்கப் போகிறார், போன ஞாயிறுகூடத் திறந்துகொண்டு போனவள்தானே, ஆனாலும் கேட்டாள். "பச்சைதாம்மா, என்ன திடீர்னு?" "சும்மாதான். எப்படி இருக்கீங்க?" "எப்பவும் போலத்தாம்மா, கடவுள் புண்ணியத்துல." தினமும் இதே வரி, தினமும் இவளும் சரி என்று வைத்துவிடுவாள், ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை, அவ்வளவு தெளிவான வரி... கை போனை வைக்கப் போய் நின்றது. "எப்பவும் போலன்னா எப்படிப்பா? உங்களைத் தெரியவே தெரியாத ஒருத்திக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்களேன்." "கட்டில்லேருந்து அடுப்படிக்கு ஒரே மூச்சுல போக முடியலம்மா" என்றார், யாரோ தெருவில் வழி கேட்டதைப்போல நிதானமாக, "நடுவுல ஜன்னல்கிட்ட ஒரு நாற்காலி போட்டிருக்கேன். அதுல உக்காந்து, மூச்சு வாங்கிட்டு, அப்புறம் போவேன்." "எப்பலேருந்துப்பா?" "புனித வாரத்துலேருந்து." ஈஸ்டருக்கு முந்தின வாரம் அது, இது ஆகஸ்ட். ஜன்னலோர நாற்காலி, சிவப்பு மெத்தை போட்டது, அவளுக்கு நன்றாகத் தெரியும், ஞாயிறுதோறும் அதில் உட்கார்ந்துதான் காப்பி குடித்தாள், எழுந்து நின்றபடியே அப்பா ஊற்றிக் கொடுப்பார். தனக்காகத்தான் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.