சுருட்டைமுடியின் வீடு

"வந்துச்சா?"

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு, கீழே இருந்த ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள் மருமகள். ஒரு கையில் ஏரியல் குழாய், மறு கையில் குறடு. முந்தின இரவு அடித்த காற்றில் ஏரியல் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது.

"இல்லக்கா. புள்ளி புள்ளியாத்தான் ஓடுது," என்று நர்ஸின் குரல் வந்தது.

"இப்ப?"

"இப்பவும் அதேதான்."

"சரி, அங்கேயே நில்லுங்க. அசையாதீங்க," என்றாள், ஏதோ நர்ஸ்தான் ஏரியல் என்பதுபோல.

காலையில் டாக்டர் வந்து மாமனாரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பொழுது தாண்டுறது கஷ்டம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றார். அவள் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன்தான், அவள் கணவன். அவன் லாரியோடு வெளியூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். எப்படி மிதித்தாலும் இரவுதான் வந்து சேர முடியும். அதற்குமுன் சாயங்காலம் ஆறு மணிக்கு, தினமும் பார்க்கிற டிவித் தொடரின் கடைசிப் பகுதி இருந்தது. அதை மாமனாருக்குச் சொல்லாமல் விடுவதில்லை என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

சொல்வது என்றால் வாயால் சொல்வதுதான். சர்க்கரை நோய் அவர் கண்களை எப்போதோ கொண்டுபோய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, திரையில் யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அவள் சொல்லுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் டிவி பார்ப்பது என்றால் அதுதான்.

கேபிளைக் கழற்றச் சொன்னவளும் அவள்தான். கேபிள்காரர் மாதா மாதம் ஏற்றிக்கொண்டே போனார். கேட்டால், "எவ்வளவு சேனல் வருது பாருங்க," என்பார். பார்ப்பது ஒன்றே ஒன்று. மற்றதற்கெல்லாம் யார் வீட்டுப் பணத்தைக் கொடுப்பது? அப்புறம் அடுத்த வீட்டுக்காரரின் டிஷ்ஷிலிருந்து ஒரு வயர் இழுத்தார்கள். அவர் அங்கே சேனலை மாற்றினால் இங்கேயும் மாறியது. அவரோ பொழுது விடிந்தால் மல்யுத்தம்தான் பார்த்தார். குண்டு மனிதர்கள் விழுவதையே எத்தனை நாள்தான் மாமனாருக்கு விவரிப்பது? போனில் போட்டுக் கொடுத்தாள். "டப்பாக்குள்ள பூனை கத்துது," என்று சொல்லித் தள்ளிவிட்டார். போதாக்குறைக்குக் கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து நெட் தீர்ந்துவிடும்.

கடைசியில் பழைய இரும்புக் கடையில் அலுமினியக் குழாய்களைப் பொறுக்கி வந்து அவளே ஏரியல் செய்தாள். கேபிள்காரர் சுருட்டாமல் விட்டுப்போன வயரையே அதில் மாட்டினாள். உள்ளூர் சேனல் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் சேனல் ஒன்று மட்டும் பளிச்சென்று வந்தது. சுட்டுப்போட்டாலும் அவளுக்கு வராத மொழி.

"ஓசியில வர்றது இவ்வளவு தூரம் வந்ததே பெருசு," என்றான் கணவன்.

படம் தெரிந்தது, பேச்சு புரியவில்லை. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் துணிந்து கதை கட்ட ஆரம்பித்தாள். சுருட்டைமுடி ஒருத்தி, பாவம், அப்பா கட்டிய வீட்டை மீசைக்காரனிடம் இழந்துவிட்டாள். மீசைக்காரன் அவளுடைய சித்தப்பா மகன், படுபாவி. வீட்டை எப்படியாவது மீட்கப் போகிறாள். முதல் நாள் வாயில் வந்ததைச் சொன்னாள். மறுநாள் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. படம் எந்தப் பக்கம் போனாலும் இழுத்துக்கொண்டு வந்து அந்த வீட்டு வாசலில் நிறுத்தினாள். அப்படியே கடைசி நாள்வரை வந்துவிட்டார்கள்.

குறடை இடுப்பில் செருகியபோது போன் அடித்தது.

"அப்பா எப்படி இருக்காரு? நீ பக்கத்துலதான இருக்க?" என்றான் கணவன்.

"மாடியில இருக்கேன். ஏரியல் திரும்பிக்கிச்சு."

"டிவி இப்ப ரொம்ப முக்கியமா?"

"உங்கப்பாவுக்கு முக்கியம். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

கீழே இறங்கியபோது நர்ஸ் மாமனாரின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாரமாகக் காலை நேரம் மட்டும் வந்து போகிறவள், இன்று பொழுதெல்லாம் இருக்க வந்திருந்தாள். அவளும் கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரிதான். அது தெரிந்த அன்றே மருமகள் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய் எச்சரித்திருந்தாள்.

"அந்தத் தொடரை நீங்க பாக்குறீங்களா?"

"எங்க வீட்ல எல்லாரும் பாக்குறோம்க்கா. அந்த மீசை வச்ச டாக்டர்..."

"டாக்டரா? இங்க அவன் வில்லன்."

"வில்லனா? அவர் அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்க்கா. தங்கமான மனுஷன்."

"இருக்கட்டும். மாமாகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. நான் வேற மாதிரி சொல்லிட்டு வர்றேன்."

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகமே சொன்னது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்க, இரண்டு பேருமாக மாமனாரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அவர் முனகினார். நர்ஸ் தன்னையறியாமல் தன் மொழியில் தனக்குள் பேசிக்கொள்வதுபோல ஏதோ கேட்டாள். மாமனார் பதில் சொன்னார், அதே மொழியில்.

மருந்து தடவிக்கொண்டிருந்த கை நின்றது. மருமகள் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தினமும் ஆறு மணிக்குக் கேட்கிற ராகம், அவள் காதுக்குத் தப்புமா?

"மாமா, உங்களுக்கு இந்தப் பாஷை தெரியுமா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "கொஞ்சம்," என்றார்.

"கொஞ்சம் இல்லக்கா," என்றாள் நர்ஸ். "எங்க ஊர்லயே பிறந்த மாதிரி பேசுறார்."

"கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க கப்பல்ல சமைச்சேன்," என்றார் மாமனார். மூச்சு வாங்கியது. "பழைய கதை."

"அப்ப இவ்வளவு நாளும் நான் உளறினதையெல்லாம் தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"அந்த வீட்டை முதல் வாரமே இடிச்சுட்டாங்கம்மா," என்றார்.

"எந்த வீட்டை?"

"சுருட்டைமுடியோட வீட்டை."

அவளுக்கு நினைவு வந்தது. கடப்பாரை பிடித்த ஆட்கள், தூசி, சரிந்து விழுந்த சுவர். 'வீட்டுல மராமத்து வேலை நடக்குது மாமா' என்று அவள்தான் சொல்லியிருந்தாள். 'நடக்கட்டும், நடக்கட்டும்' என்று அவரும் தலையாட்டியிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ."

அவள் விடுவிடுவென்று மாடியேறினாள். முகம் பற்றி எரிந்தது. கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. நாளெல்லாம் தையல் கம்பெனியில் காஜா மெஷினின் சத்தத்துக்கு நடுவே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். வீட்டுக்கு வந்தால் கணவன் பாதி நாள் ரோட்டில் இருப்பான். அவள் வாயைத் திறக்க மாட்டாளா என்று ஒரு ஆள் காத்திருந்த நேரம் அந்த ஆறு மணி ஒன்றுதான். கிழவர் கெட்டிக்காரர்தான் என்று சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு குறடை எடுத்தாள். என்ன ஆனாலும் சரி, கடைசி நாள் கதையை அவருக்குச் சொல்லாமல் அனுப்பப்போவதில்லை.

மரையை இளக்கினாள், திருப்பினாள், முறுக்கினாள். வளைந்துபோன குழாய் ஒன்றை முழங்காலில் வைத்து நிமிர்த்தினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கீழேயிருந்து நர்ஸ், "சத்தம் வருதுக்கா," என்றாள். அதற்குமேல் எத்தனை மல்லுக்கட்டியும் படம் வரவில்லை.

ஆறு மணிக்குத் தொடரின் பாட்டு ஆரம்பித்தது. திரையில் வெறும் புள்ளிகள் ஓடின.

மாமனாரின் மூச்சு ஒரே சீராக இல்லை. நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். மருமகள் தன் வழக்கமான இடத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"படம் வரல மாமா. என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். குரல் மட்டும்தான் வருது."

"பரவால்ல," என்றார். குரல் நூல்போல இருந்தது. "இன்னைக்கு நான் சொல்றேன். நீ கேளு."

டிவியில் ஒரு ஆண் குரல் உடைந்து அழுதது.

"மீசைக்காரன்," என்றார் மாமனார். "சாவியைக் கொடுத்துட்டான்."

நர்ஸ் சட்டென்று அவரைப் பார்த்தாள்.

"சும்மாவா கொடுத்தான்?" என்றாள் மருமகள்.

"அழறான் பாரு. கேக்குதுல்ல. தப்புதான்னு சொல்றான்."

"நல்லா அழட்டும். அவ என்ன சொல்றா?"

டிவியில் ஒரு பெண் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மாமனார் வெகுநேரம் கேட்டார். பேசுவதற்கு அவர் எங்கிருந்தோ தெம்பைத் திரட்ட வேண்டியிருந்தது.

"கதவைத் திறக்குறா," என்றார். "உள்ள போறா. எல்லாம் அப்படியே இருக்கு. அடுப்படி..."

அவள் காத்திருந்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். டிவியில் பேச்சு நின்று இசை வந்தது, மறுபடி பேச்சு வந்தது.

நர்ஸ் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு குனிந்து மார்பில் காதை வைத்தாள். நிமிர்ந்ததும் டிவியை அணைக்கக் கையை நீட்டினாள்.

"வேணாம்," என்றாள் மருமகள். "இன்னும் முடியலதான?"

"இல்லக்கா. கொஞ்சம் இருக்கு."

மருமகள் மாமனாரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"இப்ப என்ன சொல்றாங்க?"

நர்ஸ் பெட்டியைப் பார்த்துக் காதுகொடுத்தாள். உள்ளே பல பேர் சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னலைத் திறக்கச் சொல்றாங்க."

"எந்த ஜன்னலை?"

"அடுப்படி ஜன்னலை. ரொம்ப நாளா மூடியே இருந்துச்சாம்."

"மீசைக்காரன்?"

"வாசல்ல நிக்கிறான்க்கா. உள்ள வரலாமான்னு கேக்குறான்."

"அவ என்ன சொன்னா?"

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, புள்ளிகள் ஓடுகிற திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இருங்கக்கா," என்றாள். "சொல்றேன்."