தன்னையே தின்ற உடம்பு

முலாஞ்சே மலையடிவாரத்துச் சந்தைகளில் வைசனைத் தெரியாதவர்கள் குறைவு. சைக்கிளின் பின்னிருக்கையில் ஆளேற்றிப் பிழைப்பவன். ஒரு மூட்டை மக்காச்சோளத்தையும் அதன் சொந்தக்காரியையும் சேர்த்து வைத்துக்கொண்டு மேட்டில் மிதிப்பான். “இவனைக் கட்டி நிலத்தை உழலாம்டா” என்று மற்ற சைக்கிள்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அதைக் கேட்கும்போது அவன் மனைவி எஸ்நாத்துக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை உண்டு.

மார்ச் மாத மழையில் ஒரு லாரி வளைவில் சறுக்கி அவனை மண்மேட்டோடு வைத்து நசுக்கியது. தொடை எலும்பு முறிந்தது, குடல் கிழிந்தது. அன்றே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். காலில் எடை கட்டி இழுத்து வைத்தார்கள்.

முதல் இரண்டு நாள் மீன் மாதிரி சில்லிட்டுக் கிடந்தான். மூன்றாம் நாள் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. படுத்துக்கொண்டே இருந்தாலும் மேடேறியவன் போல நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சர்க்கரை வியாதியே இல்லாதவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று நர்ஸ் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணைக்கு வந்தவர்களுக்கான கொட்டகையில் எஸ்நாத் மூன்று கல் கூட்டிச் சமைத்தாள். மக்காச்சோள மாவும் சோயாவும் நிலக்கடலைப் பொடியும் கலந்த கஞ்சி, பொடிமீன் குழம்பு, முட்டை கிடைத்தால் முட்டை. குடல் தாங்கும் என்று சொன்ன நாளிலிருந்து கரண்டி கரண்டியாக ஊட்டினாள்.

“என்னடி இது, கல்யாணத்துலகூட இவ்வளவு கவனிக்கலியே” என்றான் வைசன்.

“கல்யாணத்துல நீங்க படுத்துக்கிட்டா இருந்தீங்க?”

பக்கத்துக் கட்டில் பீட்டன் தாத்தா சிரித்தார். “எனக்கும் ஒரு பொண்டாட்டி இருக்காளே! நான் செத்தேனான்னு ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து எட்டிப் பாக்குறா.”

ஆனாலும் அவன் வற்றிக்கொண்டே போனான். முதலில் கன்னப்பொட்டு குழிந்தது, பிறகு தோள். ஏழாம் நாள் தையல் கசிந்து வயிற்றைத் திரும்பவும் திறந்தார்கள். அதற்குப் பிறகு தொடை எஸ்நாத்தின் கைக்குள் அடங்கியது.

வார்டைப் பார்த்துக்கொண்ட கிளினிக்கல் ஆபீசர் கப்புலாவை அவள் வழிமறித்துக் கேட்டாள். “ஊட்டுறதெல்லாம் எங்க சார் போகுது?”

அவர் அவசரப்படாமல் நின்றார். “சும்மா பட்டினி கிடந்தா உடம்பு சிக்கனம் பிடிக்கும்மா. பெருசா அடிபட்டா அதுக்குச் சிக்கனம் தெரியாது. காயத்தை ஆத்தணும், கிருமியோட சண்டை போடணும். அதுக்குச் சொந்தச் சதையையே உருக்கி எடுத்துக்கும். ரெண்டாவது தடவை கத்தி பட்டதுல திரும்ப முதல்லேர்ந்து எரியுது. நீங்க ஊட்டுறது அதை அணைக்காது. கொஞ்சம் மெதுவாக்கும். விடாம ஊட்டுங்க.”

பன்னிரண்டாம் நாள், லிம்பேயிலிருந்து வைசனின் அக்கா டொரிகா வந்தாள். தாயில்லாத தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள். வார்டு வாசலில் நின்று கட்டில் கட்டிலாகத் தேடினாள். தம்பியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த நேரம் பார்த்து எஸ்நாத் அவன் மிச்சம் வைத்த கஞ்சியை வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

“ஓகோ,” என்றாள் டொரிகா. “அங்க ஒருத்தன் எலும்பாக் கிடக்கான். இங்க ஒருத்தி கிண்ணத்தை நக்கிட்டிருக்கா.”

“அண்ணி, அவருக்கு ஊட்டி முடிச்சு, வேண்டாம்னு தள்ளினது...”

“வேண்டாம்னா சொல்லுவான்? அவன் பசி எனக்குத் தெரியாதா? ஒரு பானை ந்ஸிமாக் களியை ஒத்தையா முடிக்கிறவன்டீ!”

“அடிபட்ட உடம்பு தன் சதையைத் தானே தின்னுமாம், சார் சொன்னாரு...”

“தன்னைத் தானே தின்னுமா! நல்லாப் படிச்சிருக்க. நீ தின்னுட்டு அவன் உடம்பு மேல பழி போடுறியா?”

வார்டே பார்த்தது. பீட்டன் தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க சும்மா இருங்க பெரியவரே” என்று அடக்கிவிட்டாள். ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான், உள்ளே விட ஒரு அட்டைதான். டொரிகா கையை நீட்டினாள். எஸ்நாத் வைசனைப் பார்த்தாள். காய்ச்சலில் அவன் கண் எங்கோ சொருகியிருந்தது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கஞ்சி வாயில் பட்டது நிஜம்தானே என்ற கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

எஸ்நாத் ஊரிலிருந்து இரண்டு தடவை முட்டை கொண்டுவந்தாள். வாசலில் முட்டையை வாங்கிக்கொண்ட டொரிகா அவளை உள்ளே விடவில்லை. மூன்றாம் தடவை ஒரு சுத்தமான துணியில் அவன் சட்டையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அதையும் டொரிகா வாங்கிக்கொண்டாள். “எப்படி இருக்காரு அண்ணி?” என்றதற்கு, “தேறிடுவான்” என்று மட்டும் சொன்னாள், கண்ணைப் பார்க்காமல்.

அவள் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்த பதினோராம் நாள் காலை போன் வந்தது. “கிளம்பி வா. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா” என்றாள் டொரிகா. குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

பிள்ளைகள் இருவரையும் வாடகைச் சைக்கிள்களில் ஏற்றி வந்து சேர்ந்தபோது, மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காலில் கட்டியிருந்த எடை தரையில் கிடந்தது.

டொரிகா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். “ஒரு நாளைக்கு மூணு முட்டை கொடுத்தேன்,” என்றாள். “கஞ்சி, மீனு, பாலு. ஒரு வாய் நான் தொடலை. கடவுள் மேல சத்தியமா ஒரு வாய் தொடலை. என் கண் முன்னாலயே கரைஞ்சான் எஸ்நாத். நேத்து குளிப்பாட்டத் தூக்கினேன். சின்னப் பிள்ளையா முதுகுல கட்டியிருந்தப்பகூட அவ்வளவு லேசா இல்ல. ராத்திரியெல்லாம் நெஞ்சுல சளி. இருமக்கூட அவன்கிட்ட சதை இல்ல.”

எஸ்நாத் நின்றபடியே கேட்டாள். “என்னைக் கேட்டாரா?”

டொரிகா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பீட்டன் தாத்தாதான் சொன்னார், போர்வைக்குள்ளிருந்து: “தினம் கேட்டான்மா. ‘வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா’ன்னு இவங்க சொன்னாங்க. கடைசி ரெண்டு நாள், ‘எம்மேல கோவமா அவளுக்கு?’ன்னு கேட்டான்.”

கப்புலா பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தார். எஸ்நாத் அவர் முன்னால் போய் நின்றாள்.

“நான் ஊட்டியிருந்தா பிழைச்சிருப்பாரா சார்?”

அவர் டொரிகாவை ஒரு கணம் பார்த்தார். “இல்லம்மா. யார் ஊட்டியிருந்தாலும் இதுதான். இவங்க குறை வைக்கலை. நீங்களும் வைக்கலை.”

ஆறுதலாகத்தான் சொன்னார். எஸ்நாத் அந்த ஈரக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப அந்தப் பதினோரு நாளு? எப்படியும் போற மனுஷன்கூட நான் இருந்திருப்பேனே சார். சும்மாவாவது இருந்திருப்பேனே.”

பெரிய பிள்ளை வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டது.

அவனுடைய ஊரிலேயே புதைத்தார்கள். ஜெபப் பாட்டு முடிந்ததும் டொரிகா எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். “என் தம்பி பொண்டாட்டி அவனைப் பட்டினி போடலை. நான்தான் அவளைத் துரத்தினேன். அதை நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அவள் மனதாரத்தான் சொல்கிறாள் என்று எஸ்நாத்துக்குத் தெரிந்தது. எழுந்து போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்றும் தோன்றியது. எழ முடியவில்லை. “எம்மேல கோவமா அவளுக்கு?” என்று கேட்டவனுக்கு, இல்லை என்று இனி யார் போய்ச் சொல்வது?