வலது காதில் கிடார்

என் தங்கை மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மற்ற நேரத்தில் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். முதல் ஆல்பத்தைப் பற்றி ஒரு ஈ காக்கைகூட வாய் திறக்கவில்லை. இரண்டாவதற்கும் அதே கதி என்றால் பாட்டை மூட்டை கட்டிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்துவிடுவாள், எங்கள் வீட்டுப் பிடிவாதம் அப்படி.

இரண்டாவதை எங்கள் படுக்கையறையில்தான் பதிவு செய்தார்கள். எதிரொலி வராமலிருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவிட்டதால் நாங்கள் வெறுந்தரையில் படுத்து முதுகைக் கெடுத்துக்கொண்டோம். கிடார், ஒலிப்பதிவு எல்லாம் என் கணவர். பகலில் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கிடாரைத் தொட்டுவிட்டால் தலைகால் புரியாது. மூன்றாவது பாட்டில் அவள் குரலை இடது காதுக்கும் தன் கிடாரை வலது காதுக்கும் பிரித்து வைத்துவிட்டு, தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

புது ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதும் ஒருவர் இணைய இதழில் எழுதினார்: ‘மற்ற பாட்டுகளில் கிடார் இவரை வாய் திறக்கவே விடவில்லை. மூன்றாவதில் வாத்தியமே இல்லை. அங்கேதான் இவர் யாரென்று தெரிகிறது.’

தங்கை சந்தோஷத்தில் வீட்டையே இரண்டாக்கினாள். என் கணவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“வாத்தியமே இல்லையாமா? அந்த ஆளுக்குக் காது இருக்கா இல்லையா?” என்று உடனே விமர்சகருக்குப் போன் போட்டார். அவர் பாட்டை மறுபடி போட்டு, இயர்போனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, “மன்னிச்சிடுங்க, என் இயர்போன்ல வலது பக்கம் வேலையே செய்யல. சனிக்கிழமை காபிக் கடையில நீங்க பாடுற நிகழ்ச்சிக்கு நேர்ல வந்து கேட்டுட்டு மாத்தி எழுதுறேன்” என்றார்.

தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “தப்பாக் கேட்டுட்டுப் பாராட்டினா அது பாராட்டா, அக்கா? சனிக்கிழமையோட நிறுத்திக்கிறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உங்களுக்கு?” என்று இவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அறைக்குள் போனார். வலது பக்கத்தை அணைத்துவிட்டு அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“நம்ம பாப்பாவா இப்படிப் பாடுறா? இத்தனை நாளா பக்கத்துல உக்காந்து என் கிடாரைத்தான் கேட்டிருக்கேன்.”

சனிக்கிழமை, காபிக் கடையின் பின்னறை. பாதி நாற்காலி காலி. விமர்சகர் மூலையில் இருந்தார். மூன்றாவது பாட்டு வந்ததும் இவர் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நட்டாற்றில் விட்டதுபோல் விழித்தாள் தங்கை. கண்ணாலேயே கூப்பிட்டாள். இவர் கையைக் கட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் பாடினாள். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. விமர்சகர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவள் மைக்கை இழுத்தாள்.

“மாமா, மேல வாங்க. ஒரு புதுப் பாட்டு, பாதிதான் எழுதியிருக்கேன். மீதி அடுத்த ஆல்பத்துல.” பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: “கொஞ்சம் மெதுவா வாசிங்க.”