வருகைப் பதிவு

கம்பெனி பஸ் ஐந்து ஐம்பதுக்கு மெயின் ரோட்டில் வந்து நிற்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதனால் ஐந்தேகாலுக்கே ஓடைக்கரையில் பெண்கள் வரிசை கட்டிவிடுவார்கள். ஓடையைத் தாண்டப் பாலம் கிடையாது. ஒடிந்துபோன இரண்டு சிமென்ட் மின்கம்பங்களை யாரோ எப்போதோ குறுக்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒருத்தி அக்கரை சேர்ந்த பிறகுதான் அடுத்தவள் ஏற முடியும். சுற்று வழியில் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர்.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள். முந்தின சாயங்காலம் பெய்த மழையில் ஓடை நிறைந்து, சோப்பு நுரைபோல வெள்ளையாகப் பொங்கி ஓடியது. இருளாயி செருப்பைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் சொருகிக்கொண்டு, கம்பத்தின் மேல் பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்துத் தாண்டினாள். ஆறு வருடப் பழக்கம். அக்கரை ஏறிச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது மேகலா கம்பத்தின் நடுவில் இருந்தாள்.

"கீழ பாக்காத. என்னையப் பாத்து வா," என்றாள் இருளாயி.

மேகலாவும் அவளைப் பார்த்துத்தான் வந்தாள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கால் மாட்டியது. விழும்போது வலது கையை ஊன்றினாள். சின்னக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் இருளாயிக்குக் கேட்டது. நான்கு பேர் இறங்கி இடுப்பளவு தண்ணீரிலிருந்து அவளை இழுத்துக் கரையேற்றுவதற்குள் பஸ் போய்விட்டது.

இருவருக்கும் ஒரே வரிசையில் வாடகை லைன் வீடு, ஒரே கம்பெனி. கார்களுக்குள் போகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றுகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு முந்நூறு கட்டு. விரல் பிடித்துக்கொண்டால் போதும், சுழற்றுவதெல்லாம் மணிக்கட்டுதான். மேகலாவுக்கு முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் என்றார்கள். ஒன்பதாம் நாள் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் போன் செய்து, அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றும் ஐடி கார்டை யாரிடமாவது கொடுத்தனுப்பும்படியும் சொன்னான். கார்டை இருளாயிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவன் அதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டான். பெட்டியில் அதுபோல நிறைய கார்டு கிடந்தது.

அந்த வாரம்தான் 'நம்ம ஏரியா தகவல்' குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. மொபைல் கடை ராஜேஷ்குமார் நடத்துகிற வாட்ஸப் குரூப் அது. கரண்ட் கட், ரேஷனில் பருப்பு வந்தது, யாரோ தொலைத்த மாடு, காலியாக இருக்கும் வீடு எல்லாம் அதில் வரும். 'மே 1, காலை 11 மணி, கிராம சபைக் கூட்டம். பொதுமக்கள் அனைவரும் கலந்துகொண்டு தங்கள் பகுதியின் குறைகளைத் தெரிவிக்கலாம். உங்கள் பங்கேற்பே ஊரின் முன்னேற்றம்' என்று போட்டு, கீழே இரண்டு கைகள் கும்பிடுகிற படம்.

இருளாயி அதை மூன்று தரம் படித்தாள். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. பாலத்துக்கு யாரிடம் போய் நிற்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. இப்போது அவர்களே வாருங்கள், சொல்லுங்கள் என்கிறார்கள். அதுவும் மே ஒன்று, கம்பெனி லீவு.

"போய்த்தான் பாப்பமே," என்றாள் புருஷன் ரத்தினவேலிடம்.

அவன் ஒரு குடோனில் வாட்ச்மேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்து படுத்திருந்தான். "நம்ம சொன்னா கேட்டுருவாகளா? ஊரு விட்டு ஊரு வந்து கெடக்கோம்," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"ஆறு வருசமா இங்கிட்டுத்தான கெடக்கோம்? கேட்டா என்ன கொறஞ்சு போகுது?"

கோடு போட்ட முழுத்தாளில் மேகலா சொல்லச் சொல்ல இருளாயி மனு எழுதினாள். மேகலா பன்னிரண்டு வரை படித்தவள். எழுத வேண்டிய கைதான் கட்டுக்குள் இருந்தது. நாற்பத்து மூன்று வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள். ராமநாதபுரம், அறந்தாங்கி, திருக்கோவிலூர் என்று எங்கெங்கோ இருந்து வந்த சனம். மூன்று ஒடிசாப் பையன்கள்கூடத் தங்கள் எழுத்தில் போட்டுத் தந்தார்கள்.

விஷயம் லைன் வீடுகளின் சொந்தக்காரர் சென்னகிருஷ்ணன் காதுக்குப் போய்விட்டது. திட்டுவார் என்றுதான் இருளாயி பயந்தாள். அவரோ வண்டியை நிறுத்திவிட்டு, அவரே லைனுக்குள் நடந்து வந்தார்.

"நல்ல காரியம்மா. அவசியம் வாங்கோ. ரெண்டு பேரு மூணு பேரு வந்தா பத்தாது, எல்லாரும் வரணும். இருநூறு ஆளு இருந்தாத்தான் தீர்மானம் எடுப்பாங்கோ. என் சின்ன யானை வண்டிய அனுப்பி வைக்கறேன், ஏறி வந்துடுங்கோ."

"நல்ல மனசுக்காரருதான்க்கா," என்றாள் மேகலா அவர் போன பிறகு.

மே ஒன்றாம் தேதி வண்டி ஐந்து நடை அடித்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தது. நாற்காலி பாதிக்கு மேல் காலி. ஊர்க்காரர்கள் நூறு பேர்கூட இல்லை. வாசலில் மேசை போட்டு ஊராட்சிச் செயலர் முனிவேல் உட்கார்ந்திருந்தார். பெரிய பதிவேடு ஒன்றைத் திருப்பி வைத்து, பேனாவையும் நீட்டினார்.

"பேரு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க. ஒருத்தரும் விடக் கூடாது."

இருளாயி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மேகலா இடது கையால் கோணலாகக் கிறுக்கினாள். ஒவ்வொரு பக்கம் நிறைந்ததும் முனிவேல் பெயர்களை எண்ணி ஓரத்தில் குறித்துக்கொண்டார். லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் போட்டு முடிந்ததும் மேடையைப் பார்த்து, "இருநூறு தாண்டியாச்சுங்க மேடம், ஆரம்பிக்கலாம்," என்று குரல் கொடுத்தார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த அருணா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

முனிவேல் பதிவேட்டோடு மேடை ஏறித் தீர்மானங்களை வாசிக்கத் தொடங்கினார். வாசித்தார் என்றால் மூச்சுவிடாமல் ஓடினார். டெங்கு, தெருவிளக்கு, நூறு நாள் வேலை, மரக்கன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் முன்வரிசை ஆட்கள் கையைத் தூக்கினார்கள். இருளாயி மனுவை மடியில் விரித்து வைத்து, எங்கே எழுந்து நிற்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீர்மானம் எண் ஏழு. பொதுமக்கள் நலன் கருதி ஓடையின் குறுக்கே சிறுபாலம் அமைப்பது..."

இருளாயிக்குத் தான் கேட்டது சரிதானா என்று ஒரு நொடி சந்தேகமாக இருந்தது. மேகலா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்வரிசை முழுக்கக் கைதட்டியது. மேகலா இடது கையால் தன் தொடையில் தட்டினாள். ராஜேஷ்குமார் ஓடி வந்து போனைக் கிடைமட்டமாகப் பிடித்து அவர்களைப் படம் எடுத்தான்.

கைதட்டல் அடங்கியதும் இருளாயி எழுந்தாள். நன்றி சொல்லத்தான் எழுந்தாள். ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"சார், பாலம் எங்கிட்டு சார் வருது? கம்பம் கெடக்கிற எடத்துலதான?"

"சர்வே நம்பர் வாசிச்சனேம்மா."

"நம்பரச் சொன்னா எங்களுக்கு எப்பிடித் தெரியும்? எடத்தச் சொல்லுங்க."

முனிவேல் முன்வரிசையில் இருந்த சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். இருவரும் தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் பொறுமையில்லாமல் திரும்பி, "மேல, நம்ம சென்னகிருஷ்ணன் மாந்தோப்ப வெட்டி பிளாட் போட்டிருக்காரு இல்ல, அந்த எடம்," என்றார்.

"அங்க யாருமே குடியில்லியே சார்! அரைக் கிலோமீட்டர் தள்ளி. சுத்திக் கம்பி வேலி வேற போட்டுக் கெடக்கு. நாங்க எப்பிடிப் போறது?" இருளாயி மேகலாவை எழுப்பி நிறுத்தினாள். "இந்தா பாருங்க, இந்தப் பிள்ள கம்பத்துல விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டா. வேல போயிருச்சு. நாப்பத்து மூணு வீடு கையெழுத்துப் போட்டிருக்கு."

அருணா மேடம் மனுவை ஆள் விட்டு வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தைப் படிக்கவும் செய்தார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு ஓட்டு எங்கம்மா இருக்கு?"

"கமுதிப் பக்கம் மேடம்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"நாகரசம்பட்டிங்க. இதே மாவட்டந்தாங்க," என்றாள் மேகலா அவசரமாக.

"இந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்கதான் கிராம சபை உறுப்பினர். நீங்க பேசறத நடவடிக்கைக் குறிப்புல சேக்க முடியாதும்மா. சட்டம் அப்படி."

"கையெழுத்து வாங்கயில யாரும் ஓட்டு எங்கன்னு கேக்கலியே மேடம்?"

அருணா மேடம் முனிவேலைப் பார்த்தார். முனிவேல் பதிவேட்டைப் பார்த்தார்.

"அது வருகைப் பதிவும்மா. வந்தவங்க போடறது," என்றார்.

"அப்ப அடிங்க. எங்க பேரையெல்லாம் அடிச்சிருங்க."

பின்னாலிருந்து யாரோ, "அடிச்சா இருநூறு எங்க வரும்?" என்றான். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். இருளாயி மேடையை நோக்கி நடந்தாள். அவள் கை நீளுவதற்குள் முனிவேல் பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இது கவர்மென்ட் ரெக்கார்டு. ஒரு எழுத்து அடிக்கக் கூடாது. கேஸாயிடும்."

"மனுவ ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிக்கங்கம்மா," என்றார் அருணா மேடம், இந்தத் தடவை கொஞ்சம் தணிந்த குரலில். "பத்துலருந்து அஞ்சு வரைக்கும் இருப்பாங்க. சனி, ஞாயிறு லீவு."

இருளாயி மனுவைத் திரும்ப வாங்கி மடித்தாள். பத்திலிருந்து ஐந்து வரைக்கும் அவள் எங்கே இருப்பாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எட்டாம் தீர்மானம் ஓடத் தொடங்கியது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சின்ன யானையைக் காணவில்லை. வெயிலில் நடந்தே லைனுக்கு வந்தார்கள்.

சாயங்காலம் குரூப்பில் படம் வந்தது. நடுவில் இருளாயி, வாய் நிறையச் சிரிப்போடு கைதட்டிக்கொண்டிருந்தாள். 'சிறுபாலம் அமைக்கத் தீர்மானம்: பெண்கள் கைதட்டி வரவேற்பு!'

அவள் நேரே மொபைல் கடைக்குப் போனாள்.

"தம்பி, இத மாத்திப் போடு. நாங்க வேணாம்னு சொன்னோம்ல?"

"கைதட்டினது நெசந்தானக்கா? நான் இல்லாதது ஒண்ணும் போடலியே."

"பெறகு நடந்ததையும் போடு."

ராஜேஷ்குமார் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றியபடியே, "உங்க வீட்டு ஓனருதான்க்கா இந்தக் கடைக்கும் ஓனரு," என்றான்.

"சரி, நீ போட வேணாம். நானே எழுதிப் போடுறேன். என்னப் போட விடு."

"அட்மின் மட்டுந்தான் போட முடியும். எல்லாருக்கும் தொறந்து விட்டா ஆளாளுக்குக் குட்மார்னிங் போட்டுத் தள்ளறாங்கக்கா."

மறுநாள் சென்னகிருஷ்ணன் லைனுக்கு வந்தார். இந்த முறை வண்டியிலிருந்து இறங்கவில்லை. "பாலம் எங்க வந்தா என்னம்மா, ஓடைக்குத்தான வருது? வீடு புடிக்கலேன்னா சொல்லுங்கோ. கேக்கறவங்கோ நெறைய பேரு இருக்காங்கோ," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே லைனில் ஏழு வீட்டார் மனுவில் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். இருளாயி அவர்களோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள். மேடம் பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொரு நாள் போனபோது ரசீது கிடைத்தது. அதில் தேதி இருந்தது. என்ன கேட்டாள் என்பது இல்லை.

மேகலாவின் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்திருந்தாலும் மணிக்கட்டு திரும்பவில்லை. மூன்று கம்பெனி கேட்டில் நின்று பார்த்தாள். டேப்பைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார்கள். பத்தாவது சுற்றில் அனுப்பிவிட்டார்கள்.

ஆவணியில் மேலே பாலம் கட்டி முடிந்ததாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருளாயி கம்பத்தைத் தாண்டி, மெயின் ரோட்டுப் பக்கக் கரையோடு நடந்து போய்ப் பார்த்தாள். லாரி போகிற அகலத்துக்கு நல்ல பாலம்தான். இரண்டு பக்கமும் மஞ்சளும் கறுப்புமாகக் கைப்பிடிச் சுவர். 'கிராம சபைத் தீர்மானத்தின்படி, பொதுமக்கள் பயன்பாட்டிற்காக' என்று நீலப் பலகை. எதிரே, லைன் இருக்கிற கரையில் இரும்புக் கேட்டு, அதில் பூட்டு. கேட்டுக்குப் பின்னால் நம்பர் எழுதிய வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாகக் கண்ணுக்கெட்டிய வரை நட்டிருந்தன.

புதுச் சிமென்ட் இறுகுவதற்காகப் பாலத்தின் மேல் ஈரச் சாக்கு விரித்திருந்தது. ஒரு பெண் ஓடையில் குடத்தை முக்கி, இடது கையால் தூக்கி வந்து, வலது முழங்கையை முட்டுக் கொடுத்துச் சாக்கின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோதுதான் மேகலா என்று தெரிந்தது.

"நீ எங்கடி இங்க?"

"பதினஞ்சு நாளைக்குத் தண்ணி ஊத்தற வேலைக்கா. முனிவேல் சார் சொல்லி விட்டாரு. இதுக்குக் கை திரும்ப வேணாமே."

இருளாயி அவளருகில் போகப் பாலத்தின் மேல் காலைத் தூக்கினாள்.

"அக்கா, ஏறாதீங்கக்கா," என்றாள் மேகலா பதறிப்போய், குடத்தைக் கீழே வைத்துவிட்டு. "யாரையும் ஏற விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உட்டா என்னத்தான் கேப்பாங்க."

இருளாயி தூக்கிய காலை மண்ணில் வைத்தாள். சாக்கிலிருந்து வழிந்த தண்ணீர் பாலத்தின் விளிம்பு வரை வந்து, அவள் பாதத்துக்கு முன்னால் சொட்டிக்கொண்டிருந்தது.