மாசியிலேயே மாலை போட்டவன்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. பங்காரு மாசி மாதமே முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டதில் அவன் மனைவி அன்னம்மாளுக்கு வெளிப்பார்வைக்குப் பெருமைதான். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, இப்போதே என்ன விரதம் என்று ஊர் கேட்டது. அவன் மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு களத்துக் கொட்டகையில் படுக்கப் போய்விட்டான்.

விரதமாவது மண்ணாவது. சிறுநீர் கழித்த பிறகு மஞ்சளாக, கெட்டியாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் வேட்டியில் கறை தெரியாது. தாது போகிறது, பெண்டாட்டியிடம் போனால் ஆறே மாதத்தில் ஆள் காலி என்று பள்ளிப்பட்டுச் சந்தையில் லேகியம் விற்றவன் சொல்லியிருந்தான். சாவைக்கூடப் பங்காரு சமாளித்துவிடுவான்; இதை அன்னம்மாளிடம் எப்படிச் சொல்வது? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆம்பளையே இல்லை என்று நினைத்து அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டால்? அவள்மேல் அத்தனை ஆசை, அசட்டுப் பயலுக்கு.

ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் காலை கூழ் கொண்டுவந்த அன்னம்மாள், வைக்கோல் போருக்குப் பின்னால் அவன் சிறுநீர் எரிச்சல் தாங்காமல் துண்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. அவள் போட்ட அதட்டலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"என்னப் புடிக்காமதான் நீ சாமியாரா பூட்டேன்னு தெனம் அழுதுகினு கெடந்தேன் பாவா," என்றாள் அவள். பிறகு தானே மாட்டை வண்டியில் பூட்டினாள்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் எலியேசர் கூச்சமே இல்லாமல் எல்லாம் கேட்டார், வேறு பெண் சகவாசம் உண்டா என்பதுவரை. முருகன்மேல் ஆணையாக இல்லை என்றான் பொய் விரதக்காரன். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்துவிட்டு, தாதுவும் இல்லை ஒன்றும் இல்லை, சிறுநீர்ப் பாதையில் சீழ் பிடித்திருக்கிறது என்றார். சீழை முறிக்கும் சல்ஃபா மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"தண்ணி மாதிரி ஒரு சொட்டு கசிஞ்சா பயமில்ல. எரிச்சல், சீழ், ரத்தம், ஜுரம், இதுல எது வந்தாலும் அன்னிக்கே வந்துடணும். ஒளிச்சு வைக்கிற வியாதியா இது?"

குணமாகிவிட்டது என்று தான் சொல்லும்வரை இருவரும் சேரக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வீடு வந்ததும் மாத்திரைப் பொட்டலத்தோடு பங்காரு கொட்டகைப் பக்கம் நடந்தான். அன்னம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். டாக்டர் சொன்னாரே என்று அவன் இழுத்தான்.

"ஆங், அது கூடாதுன்னாரு. பக்கத்துல படுக்கக் கூடாதுன்னு சொன்னாரா இன்னா?"