சவரிமுத்துவின் கசாயம்

வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியிருக்க, சவரிமுத்து அடுப்படியில் குந்தி கசாயச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு அடக்கம். ஆவூர்க் கோயிலில் துக்க மணி அடித்து ஓய்ந்துவிட்டது. சொந்தபந்தமெல்லாம் ஞானமணியின் தலைமாட்டில் இருக்க, கட்டிய புருசன் மட்டும் பாத்திரம் விளக்குகிறார். மகள் இனியாவுக்கு அழுவதா, அவரைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

"அதப் போட்டுட்டு வாங்கப்பா. அம்மாகிட்ட வந்து உக்காருங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாறது? நாந்தானத்தா அவளக் கொன்னது."

இது எங்கிருந்து வந்தது என்று இனியாவுக்குத் தெரியும். அவள் திருச்சியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அம்மாவின் மார்பிலிருந்த புற்றுநோய் நுரையீரலுக்கும் போய்விட்டது என்று போன மாதம் டாக்டர் சொன்னபோது, எப்படி என்று இவள்தான் கேட்டாள். நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களில் சிலவற்றைப் புற்றுக்கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அவையே ரத்தக் குழாய்க்குள் அதற்கு வழிவிடும் என்றார் அவர். வீட்டுக்கு வந்தவள் அப்பாவுக்கும் புரியட்டுமே என்று, "கேட் கீப்பரே கேட்டத் தெறந்து விட்டா எப்புடி இருக்கும், அப்புடிப்பா" என்று சொல்லித் தொலைத்தாள். சவரிமுத்து கீரனூர்ப் பக்கம் முப்பது வருசம் ரயில்வே கேட் கீப்பர். ரயில் வரும் நேரத்தில் ஒரு நாள்கூடக் கேட்டைத் திறந்துவைத்ததில்லை.

"எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தின்னு எட்டு மாசமா வேம்பும் சீந்திலும் காய்ச்சி ஊத்துனேனே. கேட்டத் தெறந்துவிட்ட அந்தப் பயலுகளுக்குத் தெம்பு குடுத்ததே நாந்தான?"

"கசாயத்தால ஒண்ணும் ஆகலப்பா. நெசமா."

"நீ எனக்காகச் சொல்ற."

இனியா அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். "ஒங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிப்புடாதடி. வெள்ளன எந்திரிச்சு காய்ச்சிக் கொண்டாறாரு மனுசன். மனசு விட்டுப் போயிருவாரு." சொன்னால் எட்டு மாதம் ஆசையாய்க் காய்ச்சியதெல்லாம் மண்ணுக்குப் போனது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவர் சாகும்வரை இந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மன்னிச்சுக்கம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அம்மா அதக் குடிக்கவே இல்லப்பா."

தேய்ப்பது நின்றது.

"மொத நாலு நாளு குடிச்சுச்சு. அப்புறம் கொமட்டுதுன்னு, நீங்க அங்கிட்டுத் திரும்புனதும் சன்னல் வழியா கொல்லையில ஊத்திரும்."

"எட்டு மாசமுமா? மூஞ்சியச் சுளிச்சுச் சுளிச்சுக் காட்டுவாளே! பாவமேன்னு நான் சீனி வேற குடுப்பேனே!"

"சீனிய மட்டும் தின்னுக்கும்."

"அடி கள்ளி!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது அழுகையாகி, மகளின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினார். அவள் உயிர் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசர்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போனார். போன வருசம் முழங்கால் உயரம்கூட இல்லாத கறிவேப்பிலை, அந்தச் சன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓர் இணுக்கு ஒடித்து வந்து ஞானமணியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஜெபமாலை சுற்றிய அவள் விரல்களுக்குள் அதைச் செருகும் முன், ஓர் இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டு மென்றார். வெளியே சாமியார் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். எல்லாரும் எழுந்தார்கள்.

சவரிமுத்து மட்டும் அவள் காதோரம் குனிந்தார்.

"கசக்கவே இல்லையேடி."