முந்நூறு கிராமுக்குள் ஒரு பாத்திரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டிலிருந்த பாத்திரம் பண்டமெல்லாம் அலமாரியை விட்டு இறங்கித் தரையில் வரிசை கட்டி நின்றன. நடுவில் தங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருந்துப் பொடி நிறுக்கும் சின்னத் தராசின் மேல் ஒரு வாணலியை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசின் திரையில் எண் வரவில்லை. அது தாங்குகிற எடைக்கு மேல் போனதால் இரண்டு கோடுதான் வந்தது.

"ஏண்டி பொடிசு, எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

பொடிசுக்கு வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருடமாக வேலை. மில்லிகிராமில் யோசித்து, மில்லிலிட்டரில் பேசுகிறவள். அக்கா அதற்கு நேர்மாறு. பள்ளிக்கூட கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. தினமும் மதியம் அறுநூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள். அங்கே அவள் பிடிக்கிற கரண்டியைப் பார்த்தால் படகு வலிக்கலாம் போலிருக்கும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆனாலும் எட்டுப் பேருக்குச் சமைத்துவிட்டு, "கொஞ்சம் கூடிப்போச்சு" என்பாள்.

"எடைக்குப் போடலைக்கா. அடுத்த மாசம் மலையேறப் போறோம்ல, அதுக்குப் பாத்திரம் தேடறேன். முந்நூறு கிராமுக்குள்ள இருக்கணும். மூடியோட சேத்து."

"முந்நூறு கிராமா? என் தோசைத்திருப்பியே அதுக்கு மேல இருக்குமேடி!"

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் நடைக்குழு ஒன்று இருந்தது. நான்கு நாள் மலைப்பயணம். இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு என்று முடிவாகி, தலைமை நர்ஸ் ஊசித்தட்டில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். பொடிசின் சீட்டோடு சேர்ந்து வந்தது லிஃப்ட் மெக்கானிக்கின் சீட்டு. அவர் மறுநாளே மருந்தக ஜன்னலுக்கு வந்து, "அடுப்பும் கேஸும் என் பொறுப்பு மேடம். பாத்திரம் மட்டும் நீங்க பாத்துக்குங்க. லேசா இருந்தா நம்ம முதுகு நம்மள வாழ்த்தும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். 'நம்ம முதுகு' என்று அவர் சொன்னது அன்று முழுக்க அவள் காதில் ரீங்காரம் போட்டது. மருந்தகம் இருப்பது தரைத்தளத்தில். அந்த வாரம் அவள் ஐந்து முறை லிஃப்டில் ஆறாவது மாடிக்குப் போய்வந்தாள். ஆறாவது மாடியில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

இதில் எதையும் அவள் அக்காவிடம் சொல்லவில்லை. "கூட வர்றது யாரு?" என்று அக்கா கேட்டபோது, "ஆஸ்பத்திரி ஸ்டாஃப் ஒருத்தர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வாணலியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

பத்து மணிக்கு இருவரும் மலையேறும் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனார்கள். பாத்திரம் என்று வந்துவிட்டால் அக்காவை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா?

கடைப்பெண் மூன்று பாத்திரங்களை எடுத்து வைத்தாள். எவர்சில்வர் ஒன்று, அலுமினியம் ஒன்று, டைட்டானியம் ஒன்று. அக்கா டைட்டானியத்தைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதில் கை விர்ரென்று தலைக்கு மேலே போய்விட்டது.

"என்னம்மா இது! பாத்திரமா, பாத்திரத்தோட நிழலா?"

பொடிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையிலிருந்து தராசை எடுத்தாள். கடைப்பெண் வாயைப் பிளந்தாள். தராசோடு வருகிற வாடிக்கையாளரை அவள் அதுவரை பார்த்ததில்லை. எவர்சில்வர் நானூற்றுப் பத்து. அலுமினியம் இருநூற்று ஐந்து. டைட்டானியம் நூற்று முப்பத்தொன்பது.

"நூத்தி முப்பத்தொம்போது!" என்றாள் பொடிசு, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் குரலில். "இதே போதும்!"

"இதுல சின்னது, பெருசு ரெண்டு இருக்கு. அரை லிட்டர், ஒரு லிட்டர்" என்றாள் கடைப்பெண். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கு!"

கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். பக்கத்தில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பொடிசின் முகம் காதுவரை சிவந்தது. அக்கா டைட்டானியத்தை மெல்லக் கீழே வைத்தாள். நாற்பத்தாறு வருடமாகப் பார்த்துவரும் முகம் அது. அதில் ஒரு மாத்திரை இடம் மாறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அந்த ஸ்டாஃப் ஆம்பளையா?"

"லிஃப்ட் மெக்கானிக், அக்கா. சீட்டுல விழுந்தது."

"சீட்டுலதானே விழுந்துச்சு? நீ எதுல விழுந்தே?"

"அக்கா!"

"சரி சரி. பாத்திரத்தப் பாப்போம்." அக்காவின் உதடு அடங்கினாலும் கண் அடங்கவில்லை. கடைப்பெண் பக்கம் திரும்பினாள். "இதுல ஏதாவது ஆக்கிக் காட்டும்மா. ஆக்கிப் பாக்காம நான் அகப்பைகூட வாங்க மாட்டேன்."

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் இருந்தது. அடுப்பு சோதித்துக் காட்டும் இடம் அது. கடைப்பெண் இரண்டு கேஸ் அடுப்புகளைப் பற்றவைத்தாள். ஒன்றில் டைட்டானியம், ஒன்றில் அலுமினியம். இரண்டிலும் ஓட்ஸும் தண்ணீரும். தங்கை டைட்டானியம் பக்கம், அக்கா அலுமினியம் பக்கம். ஷூ போட்டுப் பார்த்தவர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார், ஒரு காலில் புது ஷூ, மறு காலில் வெறும் காலுறை.

டைட்டானியத்தில் முதலில் குமிழி வந்தது. பொடிசு குதித்தாள். அந்தக் குதிப்பிலேயே கிளற மறந்தாள். அரை நிமிடத்தில் நடுவில் மட்டும் கருகி வாடை கிளம்பியது. ஓரத்திலோ ஓட்ஸ் தண்ணீரில் நீச்சலடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா! நடுவுல மட்டும் சூடு, ஓரமெல்லாம் பச்சத்தண்ணி!" அக்கா அலுமினியத்தைச் சாய்த்துக் காட்டினாள். அதில் ஓட்ஸ் சீராக வெந்து பொங்கியிருந்தது. "சூடு பரவணும்டி. அறுநூறு பேருக்கானாலும் அதுதான், ரெண்டு பேருக்கானாலும் அதுதான்."

"அறுபத்தாறு கிராம் கூடக்கா!"

"அறுபத்தாறு கிராம நீ மலையேறுற வேர்வையிலயே எறக்கி வெச்சிடுவே."

இந்த வழக்கு எங்கே போய் முடிந்திருக்குமோ, அப்போது முற்றத்துக் கதவு திறந்தது. தோளில் பையோடு லிஃப்ட் மெக்கானிக் நின்றார். "கேஸ் சிலிண்டர் வாங்க வந்தேன், இங்க ஏதோ கருகுதுன்னு..." என்று ஆரம்பித்தவர் பொடிசைப் பார்த்ததும் பேச்சை மறந்தார். பொடிசு கையில் கருகின கரண்டியோடு, நெற்றியில் ஓட்ஸோடு, அப்படியே நின்றாள்.

அக்காவுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்கத் தேவைப்படவில்லை.

"வாங்க தம்பி. லிஃப்ட்தானே?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"தெரியும். சமைக்கத் தெரியுமா?"

"தண்ணி நல்லா கொதிக்க வெப்பேன்."

பொடிசு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு இரண்டு பாத்திரங்களையும் அவர் முன்னால் நீட்டினாள். "இது இவ ஆக்கினது. இது நான் ஆக்கினது. சாப்பிட்டுப் பாத்து எந்தப் பாத்திரம்னு சொல்லுங்க."

மனிதர் டைட்டானியத்திலிருந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு நின்றபடியே, கருகல் உட்பட, அடிவரை வழித்துச் சாப்பிட்டார். அக்கா ஆக்கினதைத் தொடவேயில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் பொடிசு.

"கருகியிருக்கு" என்றார் அவர், நேர்மையாக. "ஆனா நல்லாருக்கு. ஆனா அந்தப் பாத்திரத்தையே வாங்கிடுங்க" என்று அலுமினியத்தைக் காட்டினார். "நாலு நாளும் இந்தக் கருகலையே சாப்பிட்டா நான் உசுரோட மலை எறங்க மாட்டேன்."

முதலில் சிரித்தது ஷூக்காரர். பிறகு கடைப்பெண். அப்புறம் பொடிசு சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, நிறுத்தலாம் என்று பார்த்தால் அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பீறிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்பதே மறந்துபோய் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அலுமினியத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள் கடைப்பெண். அவர் தன் பையிலிருந்து மடிக்கிற அடுப்பை எடுத்தார். "உள்ள அடங்குதான்னு பாக்கலாமா?" அவர் வாங்கிய சிலிண்டர் உள்ளே போனது. அதன் மேல் அடுப்பு. பக்கத்தில் லைட்டர். பொடிசு மூடியை வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தார்கள், உள்ளே லொட லொட என்ற சத்தமே இல்லை. இரண்டு பேரும் அந்தப் பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தபடி தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் நின்றார்கள். அக்கா வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

மலையில் இரண்டாம் நாள் காலை, பெருங்காற்று அடித்தது. டீக்குத் தண்ணீர் கொதிக்கும்போது மூடி பறந்து புல்சரிவில் சக்கரம் மாதிரி உருண்டது. பொடிசு "ஐயோ!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். கல்லூரி விட்ட பிறகு அவள் ஓடியதே கிடையாது. அவர் அவளுக்குப் பின்னால் ஓடினார். தலைமை நர்ஸ் மேலே நின்று கைதட்டினார். மூடி ஒரு புதரில் மாட்டி நின்றது. இருவரும் அதற்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "நீங்க ஆறாவது மாடிக்கு ஏன் அடிக்கடி வர்றீங்க? அங்க வெறும் தண்ணி டேங்க்தானே?"

பொடிசு மூடியின் நெளிந்த விளிம்பைத் தடவினாள். பொய் எதுவும் கைக்கு எட்டவில்லை. "லிஃப்ட் சரியா ஓடுதான்னு பாக்க" என்றாள்.

"ஓடுதா?"

"நல்லாவே ஓடுது."

அவர் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்து எழுந்தாள். சரிவு முடிந்து அடுப்பு வைத்த இடத்துக்கு வந்து சேரும்வரை, அந்தக் கையை இருவரில் ஒருவரும் விடவில்லை. தண்ணீர் பாதி ஆவியாகிப் போயிருந்தது. மிச்சத்தில் ஒரே ஒரு டீ போட்டு இருவரும் குடித்தார்கள்.